தேவை என்ற கட்டம்

நாலு மணிக்கு வந்துவிடுவார்கள். இப்போது மூன்று தாண்டி ஐந்து நிமிஷம். கால் பெருவிரலில் தொட்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, மடியில் சுளகை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பியூலா, இலையைக் குப்பைக்கு விரித்த பேப்பரிலும் காம்பைச் சுளகிலும் போட்டுக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். கையை உதறிவிட்டு மறுபடி பிரித்தாள். காலை நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஹெப்சி முழித்துக்கொள்வாள், முழித்தால் அழுவாள், அழுதால் முகம் சிவக்கும், சிவந்தால் இவள் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், சூடா, சூடுதானோ, இல்லை என் கை குளிர்ந்து கிடப்பதால் அப்படித் தெரிகிறதோ. அப்புறம் தெர்மாமீட்டரைத் தேட வேண்டும். எட்டு மாசப் பிள்ளை. சேலைத் தொட்டிலுக்குள் அவளுடைய முழங்கால் மட்டும் ஒரு சின்ன மேடாகத் தெரிகிறது. மேடு அசைந்தால் நல்லது. அசையாவிட்டாலும் நல்லதுதான், தூங்குகிறாள். ரொம்ப அசைந்தால்தான். ரொம்ப என்றால் எவ்வளவு? சுவருக்கு அந்தப் பக்கம் முப்பிடாதி அக்கா மாவாட்டிக்கொண்டிருக்கிறாள். கிரைண்டர் சுற்றுகிற சத்தம் சுவரில் இறங்கித் தரை வழியாக வந்து முதுகில் ஏறுகிறது. மாடியில் இரண்டே போர்ஷன், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இங்க ஸ்பூன் விழுந்தா நீ அங்க குனிஞ்சு தேடலாம்ட்டி என்பாள் அக்கா. வியாழக்கிழமை ஆட்டின மாவு ஞாயிறு வரை வரும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். அதை நினைக்காதே. இலை இங்கே, காம்பு அங்கே. இலை இங்கே.

ரெண்டரைக்குப் போன் வந்தது. பிள்ளை அப்போதுதான் கண் சொருகத் தொடங்கியிருந்தாள். ரத்தினபாய் டீச்சர். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவர்தான் தலைவி. முப்பது வருஷம் நூறு பிள்ளைகளுக்கு ஒரே அறையில் பாடம் நடத்திய தொண்டை, அவர் ரகசியம் சொன்னால் ரெண்டு பெஞ்சு தாண்டிக் கேட்கும். 'பியூலாம்மா, இந்த வாரம் உன் அட்டைதாம்மா எங்க கைக்கு வந்துருக்கு. அந்தப் பக்கத்து வீட்டு சிஸ்டரப் பாக்க நாலு மணிக்கு நாங்க நாலு பேரு வாரோம். வாசிச்ச உடனே எனக்குக் கண்ணீரே வந்துட்டு பாத்துக்கோ. இத்தன வருஷமா ஒத்தைல சுமந்துருக்காங்களே. நீ முன்கூட்டி ஒண்ணும் சொல்லிராத. சொன்னா கதவச் சாத்திருவாங்க. கர்த்தர் நடத்துவார்.' இவள் என்ன சொன்னாள்? 'சரி டீச்சர்' என்றாள். நாக்கு தானாகப் போய் அதில் உட்கார்ந்துகொண்டது. ஒண்ணாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை கன்னியாஸ்திரிகளிடம் படித்த பெண்ணுக்கு வேறு என்ன வரும்? வேண்டாம் டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். இன்றைக்கு வேண்டாம் என்றாவது. அக்கா ஊருக்குப் போயிருக்கிறாள், பொய்தான், அதற்கு அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கலாம். போனை வைத்த பிறகு அந்தப் பொய் எவ்வளவு அழகாக, காற்புள்ளி அரைப்புள்ளியோடு வந்து நிற்கிறது. வைத்த பிறகு. எப்போதும் வைத்த பிறகுதான்.

போதகர் நல்லவர். அவர் மேல் என்ன குற்றம்? நாலு வாரத்துக்கு முன்னால் பிரசங்கத்தில், 'கடல் தாண்டிப் போக வேண்டாம், காடு தாண்டிப் போக வேண்டாம். உங்க வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்ககிட்ட நீங்க சொல்லலைன்னா வேற யாரு சொல்லுவா? நாளைக்கு அந்த ஆத்துமாவைப் பத்தி ஆண்டவர் யார்கிட்டக் கேப்பார்? உங்ககிட்டத்தான் கேப்பார்' என்றபோது அவர் பொதுவாகத்தான் பார்த்தார், ஆனால் தூணோரம் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்ற இவளுக்கு நேரே தன்னைத்தான் பார்த்துச் சொன்னது போல இருந்தது. சுவர் என்றாரே. ஒற்றைச் செங்கல் சுவர். ரெண்டு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னதுண்டா? சொல்லத் தோன்றாமலா? தினம் தோன்றும். துணி காயப்போடும்போது, குழாயடியில், கதவில் சாய்ந்து நின்று பேசும்போது, 'அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று தொடங்குவாள். 'சொல்லு' என்று அக்கா முழு முகத்தையும் திருப்புவாள். அந்த முழு முகத்தைப் பார்த்ததும், 'கருவேப்பில இருக்கா அக்கா?' என்று முடிந்துவிடும். ஒருநாள் அக்காவே கேட்டாள், 'ஏட்டி, நீ கோயிலுக்குப் போற அன்னைக்கு மட்டும் முகத்த இப்படித் தூக்கி வச்சுட்டு வாரியே, ஒங்க ஏசு ஞாயித்துக்கிழமன்னா ரொம்ப ஏசுவாரோ?' சிரித்துவிட்டாள் இவளும். அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். அவர் ஏசமாட்டார் அக்கா, அவர் எவ்வளவு அன்பானவர் தெரியுமா என்று. தொண்டை வரை வந்தது. அப்புறம் தோன்றியது, நிஜமாகவே எனக்குத் தெரியுமா? எனக்கு அவரிடம் பயம்தானே அதிகம். பயத்தை எப்படிப் பங்கு வைப்பது? புருஷன் ஜெபசிங்கிடம் சொன்னபோது அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, 'நீ சும்மா கெட. வாடகை வீட்டுல இருக்கோம். மதம் மாத்த வந்துட்டான்னு ஒரு பேச்சு வந்தா நாளைக்கு ஓனரு சாமானத் தூக்கி வெளிய வச்சுருவாரு' என்றான். அவனுக்கு என்ன, பம்ப்செட் விற்க ஊர் ஊராகப் போய்விடுவான். சுவரோடு இருப்பது இவள்தான்.

பிரசங்கம் முடிந்ததும் வீட்டுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அயலார் அட்டை. ஐந்து வரி, மூன்று கட்டம்: பெயர், வீடு, தேவை. மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்று பக்கத்தில் எட்டிப் பார்த்தபோது, பேரை மட்டும் போட்டுவிட்டு தேவையில் 'சமாதானம்' என்று ஐந்து வரிக்கும் ஒரே பிராக்கெட் போட்டிருந்தாள் முன்வரிசை லில்லி. இவளால் அப்படி முடியாது. காலிக் கட்டத்தைக் கண்டால் பள்ளிக்கூடத்து சிஸ்டர் கொன்சாகாவின் சிவப்புப் பேனா இன்னும் இவள் முதுகுக்குப் பின்னால் நிற்கும். தெரியாதா, யோசி, தெரியுமா, முழுசாக எழுது, பாதி எழுதுகிறவள் பாதி மனுஷி. முழுசாக எழுதினாள். கோடு பிசகாத கையெழுத்தில், யாரும் பாராட்டுகிற கையெழுத்தில்: 'முப்பிடாதி. மாடி, வலது கை வீடு. பதினாறு வயது முதல் வலிப்பு. தினமும் மாத்திரை. யாருக்கும் தெரியாது.' யாருக்கும் தெரியாது. அதையும் எழுதியிருக்கிறாள். முற்றுப்புள்ளி வைத்து. எழுதும்போது அன்பாகத்தான் இருந்தது. ஆண்டவரிடம் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவது போல, கண்ணில் நீர் கூட வந்தது. பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவளை, 'என்னட்டி, இன்னைக்கு மொகம் தெளிச்சியா இருக்கு' என்று அக்கா கேட்டாள். இவளுக்கு வாய் நிறையச் சிரிப்பு. தொட்டில் நின்றுவிட்டது. பெருவிரலை அசைத்தாள். மேடு, இருக்கிறது. மூச்சு, கேட்கிறது. கிரைண்டர் சத்தத்தில் மூச்சு கேட்குமா? எழுந்து பார்க்கலாமா? பார்த்தால் முழிப்பாள்.

அக்கா அதை இவளிடம் சொன்ன இடம் ஆஸ்பத்திரி வராந்தா. ரெண்டு மாசம் ஆகிறது. காலையிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல், பதினோரு மணிக்குத் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கண் மேலே போய்விட்டது. வெள்ளை மட்டும். சின்னக் கையும் காலும் யாரோ உள்ளேயிருந்து இழுப்பது போல வெட்டி வெட்டி. இவள் கத்தினாளா? கத்தவில்லை என்றுதான் ஞாபகம், ஆனால் அக்கா வந்து நின்றாள். இவள் கையில் ஸ்பூன் இருந்தது, பல்லுக்கு நடுவில் வைக்க வேண்டும் என்று எங்கோ கேட்டது, பல்லே முளைக்காத பிள்ளைக்கு. அக்கா அதைத் தட்டிவிட்டாள். 'வாயில ஒண்ணும் வைக்கக்கூடாது. ஒருச்சாச்சுப் போடு. நகரு.' பிள்ளையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கழுத்துப் பொத்தானைக் கழற்றி, கடைவாயைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நிமிஷம் என்று டாக்டர் கேட்பாராம். எவ்வளவு நிதானம். அது எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரியவில்லை. ஆட்டோவில் இவளுக்கு ஜெபமே வரவில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு வசனம்கூட வரவில்லை, கர்த்தாவே என்ற சொல்லின் முதல் எழுத்தே வரவில்லை. அக்காதான் பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வழியெல்லாம் தன் பேர்கொண்ட அம்மனிடம், 'எம்மா, முப்பிடாதித் தாயே, இந்தப் பிஞ்ச விட்டுக் கொடுத்துராதம்மா, ஒனக்குப் பொங்கல் வைக்கேம்மா' என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இவள் மனசுக்குள் ஆமென் என்றாள். அதுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை. வேறு ஒரு பேருக்கு நேர்ந்த வேண்டுதலுக்கு ஆமென் என்று சொன்ன மனசு. பிள்ளை பிழைத்தாள். காய்ச்சல் வலிப்புதான், அஞ்சாறு வயசுக்குள்ள போயிரும், பயப்படாதீங்க என்றார் டாக்டர். அப்படியானால் அந்த வேண்டுதலைக் கேட்டது யார்? யார் கேட்டிருந்தாலும் நான் யாருக்குக் கடன்? அந்த ஆமெனை ஈடு கட்டத்தான் அட்டையில் அக்காவின் பேரை முதல் வரியில் எழுதினேனோ என்று இப்போது, இந்தக் கீரைக்கு முன்னால், முதல் தடவையாகத் தோன்றியது. சீ. இல்லை. அன்பாகத்தான் எழுதினேன். அன்புதான்.

அன்றைக்கு வராந்தாவில் இவள் நடுங்கிக்கொண்டே இருந்ததால்தான் அக்கா சொன்னாள். இவள் காதோடு குனிந்து, 'இங்க பாரு. எனக்கும் உண்டு. பதினாறு வயசுல இருந்து. செத்தா போயிட்டேன்? மாத்திர போட்டா வராது. எங்க வீட்டு ஆளுக்குத் தெரியும், இப்ப ஒனக்குத் தெரியும், மூணாவது ஆளுக்குத் தெரியாது. எம் பொண்ணு செண்பகாவுக்கே தெரியாது' என்றாள். மிளகாய் வற்றல் டப்பாவில் மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறாளாம், யாரும் கையை விடமாட்டார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். 'ஒங்கிட்டச் சொன்னா கெணத்துல போட்ட கல்லு மாதிரி.' கல். இப்போது அந்தச் செண்பகாவுக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம், பையன் வாத்தியார். சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே கீழ் வீட்டு ஓனரம்மாதான், மாப்பிள்ளையின் அம்மா அவருக்கு அக்கா முறை. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். நாலு மணிக்கு ரத்தினபாய் டீச்சர் வந்து அக்கா வீட்டில் பாய் விரித்து, தலையில் கையை வைத்து, அந்தத் தொண்டையால். போன வருஷம் சபையில் உள்ள சாமுவேல் அண்ணன் வீட்டில் அவர் ஜெபித்ததை இவள் கேட்டிருக்கிறாள். அங்கேயும் இதே வியாதி. வியாதி என்று அவர் சொல்லவில்லை. வலிப்பின் ஆவியே என்றார். வெளியே போ என்றார். தெருமுனை டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓனரம்மா தெருமுனையில் இல்லை, நேரே கீழே, படிக்கட்டடியில் பூக்கட்டிக்கொண்டு இருப்பார். ஒரே ஒரு சொல் போதும். வலிப்பு வீட்டுப் பெண் என்றால் யார் எடுப்பார்கள்? அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு இருக்கும், மகளுக்கு இருந்தால், அப்புறம், அப்புறம் என்று போய்க்கொண்டே இருப்பார்கள்.

மூன்று இருபத்தைந்து. போனை எடுத்து டீச்சர் நம்பரை அழுத்தினாள். மணி போனது. மூன்றாவது மணியில் வெட்டிவிட்டாள். என்ன சொல்வது? டீச்சர், நான் எழுதினது தப்பு. ஏம்மா, பொய்யா? பொய் இல்லை டீச்சர். பின்ன என்னம்மா, நிஜத்தச் சொல்லி ஜெபிக்கிறதுல என்ன தப்பு? டீச்சர் கெட்டவரில்லை, நிஜமாகவே அழுதிருப்பார். போன மாசம் லில்லியின் புருஷனுக்கு ஆபரேஷன் என்றதும் மூன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவர். இன்றைக்கும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, வெயிலில், முட்டு வலிக்க நம் படியேறி வருவார். எல்லாரும் அன்பாகத்தான் வருகிறார்கள், அதுதான் பயம். கெட்டவர்கள் வந்தால் கதவைச் சாத்தலாம். மறுபடி அழுத்தினாள். எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறியிருப்பார்கள், அந்த இரைச்சலில் கேட்காது. கீழே கதவைப் பூட்டிவிட்டால்? ஓனரம்மா திறப்பார். அக்காவை எங்கேயாவது அனுப்பிவிட்டால்? மாவு பாதியில் நிற்கிறது, எங்கே போவாள்? கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டால், நான் தூங்கிவிட்டேன், எனக்குத் தெரியாது, அவர்களாக வந்தார்கள். அட்டையில் என் பேர் இருக்கிறதே, கீழே கையெழுத்தோடு. இலை, காம்பு. காம்பு நகத்துக்கடியில் போய்ப் பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அட்டைக்குப் பின்பக்கமும் ஒரு கட்டம் இருந்தது. அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்று சொன்னால் பொய். மூன்று மணியிலிருந்து அந்தப் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறாள். பின்பக்கத்தில், 'உங்கள் குடும்பத்துக்கான ஜெபக் குறிப்பு' என்று போட்டு ரெண்டு வரி விட்டிருந்தார்கள். அதையும் இவள் காலி விடவில்லை. 'ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம்.' அதே கையெழுத்து. அதே முற்றுப்புள்ளி. ரெண்டு மாசமாக ராத்திரியும் பகலும் பிள்ளையின் இமையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவள், சபையில் எவளாவது தெரிந்துகொண்டால் நாளைக்கு என் ஹெப்சியை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு மூச்சு விடாதவள், மாமியார் வீட்டுக்குக்கூட வெறும் காய்ச்சல் என்று சொன்னவள். தன் பிள்ளைக்கு மூடி. அக்காவுக்கு அட்டை. யாரும் சொல்லித்தராமலே எவ்வளவு சரியாகப் பிரித்திருக்கிறது கை.

கிரைண்டர் நின்றது. சுவர் திடீரென்று காலியானது போல இருந்தது. மூன்று ஐம்பது. சுளகைக் கீழே வைத்தாள், கயிற்றை விரலிலிருந்து கழற்றினாள், தொட்டிலுக்குள் கையை விட்டுப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஏன் தூக்கினேன், அக்கா பிள்ளை முன்னால் கத்தமாட்டாள் என்றா? அதையும் தெரிந்துகொண்டே தூக்கினாள். எட்டு அடி வைத்தால் அந்த வாசல். கதவு திறந்துதான் கிடக்கும். அக்கா முழங்கை வரை மாவோடு கல்லைத் தூக்கித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். 'வாட்டி. எப்சிக்குட்டி முழிச்சுட்டாளா? என்ன மொகம் இது, மறுபடியும் காச்சலா?' பியூலா வாசலிலேயே நின்றாள். 'அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.' 'கருவேப்பில பின்கட்டுல கெடக்கு, எடுத்துக்கோ.' 'அது இல்லக்கா. ஆஸ்பத்திரில வச்சு நீங்க சொன்னீங்கள்லா. அத நான் கோயில்ல எழுதிக் கொடுத்துட்டேன்.' அக்கா கல்லைக் கீழே வைத்தாள். 'எத?' 'அதத்தான் அக்கா.' 'எதுக்கு?' 'ஜெபம் பண்ண.' 'எனக்கா? நான் கேட்டனா?' 'இல்ல.' 'எத்தன பேரு வாசிச்சா?' 'நாலஞ்சு பேரு இருக்கும். இப்ப இங்க வாராங்க. உங்களுக்கு ஜெபம் பண்ண. நாலு மணிக்கு.' அக்கா திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்தது போலவே, எத்தனை நிமிஷம் என்று. கத்துவாள் என்று பியூலா காத்திருந்தாள், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா கையிலிருந்த மாவை வழித்து வழித்துச் சட்டிக்குள் விட்டாள், ஒவ்வொரு விரலாக. அப்புறம் நிமிராமலே கேட்டாள், 'ஒம் பிள்ளைக்கு வந்ததையும் எழுதினியாட்டி?' பியூலா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள். 'கேக்கேன்லா.' 'எழுதலக்கா.' 'ஏன்?' 'பொம்பளப் பிள்ளைலா அக்கா.' சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று காதில் விழுந்தது. அக்கா இப்போது முழு முகத்தையும் திருப்பினாள். 'எம் பிள்ள மட்டும் என்ன, ஆம்பளப் பிள்ளையா?'

தெருவில் ஆட்டோ வந்து நின்றது. 'போயிரு' என்றாள் அக்கா. 'எங் கண்ணு முன்னால நிக்காத.' கதவு சாத்திய வேகத்தில் வந்த காற்று பிள்ளையின் தலைமுடியைத் தூக்கியது. கீழே கேட் கிறீச்சிட்டது, ஓனரம்மாவின் குரல், 'யாரு வீட்டுக்கும்மா?', டீச்சரின் குரல், 'மாடிக்குத்தான்மா, ஜெபத்துக்கு வந்திருக்கோம்.' படி ஏறுகிறார்கள். ஒரு படிக்கு ஒரு மூச்சு வாங்குகிறார் டீச்சர், பதினெட்டுப் படி, பதினெட்டு மூச்சு, அதற்குள் ஏதாவது தோன்ற வேண்டும், தோன்ற வைக்க வேண்டும், கர்த்தாவே என்று சொல்லப் பார்த்தாள், இன்றைக்கும் முதல் எழுத்தே வரவில்லை. ஓனரம்மாவும் கூடவே நாலு படி ஏறி நின்றுவிட்டார் என்று வளையல் சத்தத்தில் தெரிந்தது. டீச்சரின் நரைத்த தலை முதலில் வந்தது, அப்புறம் கண்ணாடி, அப்புறம் கையில் அட்டை, பின்னால் மூன்று பேர். 'ஸ்தோத்திரம்மா. எந்தக் கதவு? வலது கைன்னு போட்டிருக்க.' அந்தக் கையெழுத்து தலைகீழாக இருந்தும் இவளுக்கு வாசிக்க முடிந்தது. 'இந்தப் பக்கம் வாங்க டீச்சர். எங்க வீட்டுக்கு.' 'இல்லம்மா, அந்த சிஸ்டர்...' 'அது இங்கதான் டீச்சர்' என்றாள் பியூலா. குரல் தன்னுடையதாக இல்லை, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிற குரலாக, நாலாவது படி வரை தெளிவாக இறங்குகிற குரலாக இருந்தது. 'வலிப்பு எம் பிள்ளைக்குத்தான். ஹெப்சிக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னால வந்துச்சு. சொல்ல வெக்கப்பட்டுட்டு அக்கா பேர எழுதிட்டேன். அவங்க நல்லா இருக்காங்க.' வளையல் சத்தம் நின்றது. டீச்சர் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். 'பதினாறு வயசுன்னு...' 'தப்பா எழுதிட்டேன் டீச்சர்.' முப்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யை வாங்கிய கண் இவளை ஒரு தடவை பார்த்தது, சாத்தியிருந்த வலது கைக் கதவை ஒரு தடவை பார்த்தது. அட்டையை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டார். 'பாய எடுத்துப் போடும்மா' என்றார்.

கீரையை ஓரமாகத் தள்ளிப் பாய் விரித்தாள். தொட்டில் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. டீச்சர் பிள்ளையின் தலையில் கையை வைத்துத் தொடங்கினார், மெதுவாகத்தான் தொடங்கினார், ஆனால் அந்தத் தொண்டைக்கு மெதுவாக என்பது எவ்வளவு தூரம் தாங்கும்? ரெண்டாவது நிமிஷத்தில் வலிப்பு என்ற சொல் சுவர் நாலிலும் மோதித் திரும்பியது, இந்தச் சின்னப் பிள்ளைக்கு வந்த வலிப்பை, ஆண்டவரே, இந்தப் பிள்ளையை, பேரைச் சொல்லி, ஹெப்சி என்று. போகட்டும். கீழே போகட்டும், தெருவுக்குப் போகட்டும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகட்டும். இருபது வருஷம் கழித்து ஹெப்சிக்கு ஒரு சம்பந்தம் பேசும்போது யாராவது, அந்த மாடி வீட்டுப் பிள்ளைதானே, என்று. போகட்டும் என்று நினைக்க நினைக்க உள்ளே ஒன்று ஓடிப்போய் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டிருந்தது. பிள்ளை முதலில் உதட்டைப் பிதுக்கினாள், அப்புறம் வீரிட்டாள். முகம் சிவந்தது. சூடா? சூடுதானோ? டீச்சரின் கை தலையில் இருக்கிறது, தள்ளிவிட முடியாது, நிறுத்துங்கள் என்று சொல்ல முடியாது, பிள்ளை முதுகை வில்லாக வளைக்கிறாள், இது அழுகைதானா, அழுகை மட்டும்தானா. அப்போது வாசலில் நிழல் விழுந்தது. முப்பிடாதி அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஜெபித்துக்கொண்டிருந்த கைக்குக் கீழேயிருந்து பிள்ளையை எடுத்தாள், தோளில் போட்டு நடு முதுகில் ரெண்டு தட்டு, நிலைப்படியோரம் போய் உட்கார்ந்தாள். பிள்ளை ரெண்டு விக்கலோடு அடங்கினாள். டீச்சர் கண்ணைத் திறந்தார். 'இவங்க யாரும்மா?'

'பக்கத்து வீடு' என்றாள் அக்கா. 'நீங்க நடத்துங்க. சத்தம் மட்டும் கொறச்சு. பிள்ள பயப்படுது.'

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு, தனக்கே கேட்காத குரலில் மறுபடி தொடங்கினார். மற்ற மூவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூட வேண்டியவள் பியூலாவும்தான். மூடாமல், அக்கா ஒரு தடவையாவது தன்னைப் பார்ப்பாளா என்று அந்த நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.